நான்காவது கார்பன்

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டின் வாசலில் போலீஸ் ஜீப் நிற்பதைப் பார்த்ததும் தர்மன் எட்டிப் பார்த்தான். உள்ளே சப்-இன்ஸ்பெக்டர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எதிரே தலையைக் குனிந்தபடி ஜெயலட்சுமி.

எல்லாம் அந்தப் பட்டியலால் வந்த வினை.

பி.ஏ. பொருளாதாரத்தில் ஒரே ஒரு பேப்பர் தர்மனை இரண்டு முறை கவிழ்த்துவிட்டது. விடைத்தாளின் கனத்தைப் பார்த்துத்தான் மார்க் போடுகிறார்கள் என்று யாரோ சொன்னதை நம்பி, கட்டுரைக் கேள்விகளுக்குப் பார்த்த சினிமாக் கதையெல்லாம் எழுதி, அடிஷனல் ஷீட் மேல் அடிஷனல் ஷீட்டாக வாங்கி நூல் கட்டிக் கொடுத்ததுதான் மிச்சம். எறையூர் சர்க்கரை ஆலையில் வேலை பார்த்த தாய்மாமன் அங்கமுத்து கறாராகச் சொல்லிவிட்டார். தை பிறப்பதற்குள் பாஸானால் மகள் ஜெயலட்சுமி அவனுக்கு. இல்லையென்றால் அரியலூரில் சிமெண்ட் ஆலை மாப்பிள்ளை ஒருவர் தயாராக இருக்கிறார்.

ஆடி மாதத்தில் ஒருநாள்தான் ஜெயலட்சுமி, தான் டைப்பிஸ்டாக இருந்த இந்த இன்ஸ்டிடியூட்டின் பின்பக்கம் அவனைக் கூப்பிட்டு, மடித்த தாள்களைக் கையில் திணித்தாள்.

இனிமேல் கட்டுரைகளை ஆள் திருத்தப் போவதில்லையாம். பல்கலைக்கழகத்துக்குக் கம்ப்யூட்டர் வந்திருக்கிறதாம். அதற்குள் முந்நூறு சொற்களைப் போட்டு வைத்திருக்கிறார்களாம். அவற்றைக் கட்டுரையில் தேடிப் பார்த்து அதுவே மார்க் போட்டுவிடுமாம். ரகசியமாக டைப் அடிக்க இங்கே வந்த பட்டியலுக்கு மூன்று கார்பன் நகல் கேட்டார்களாம். அவள் நான்காவதாக ஒன்றைச் சொருகி எடுத்துவிட்டாளாம்.

அமெரிக்காவில் அப்படி ஒரு மெஷின் இருப்பதாக டீக்கடைப் பேப்பரில் தர்மனும் படித்திருந்தான். தாள்களைப் பிரித்தான். 'அகவிலைப்படி – 131' என்று தொடங்கி அகர வரிசையில் ஓடியது பட்டியல்.

"வெறும் சொல்ல மட்டும் எழுதுனா மெஷின் ஏமாறாது மாமா. பக்கத்துல இருக்கறது புஸ்தகத்தோட பக்க நம்பரு. அந்தப் பக்கத்துல உள்ள விஷயத்தோட சேர்ந்து வந்தாத்தான் மார்க்கு."

"மாட்டிக்கிட்டா?"

"எனக்கு ஜெயிலு. உங்களுக்கு, அரியலூர்க்காரன் கல்யாணத்துல பந்தி பரிமாறுற வேலை."

பாடப் புத்தகம் அவளிடம்தான் இருந்தது. அட்டை போட்டுத் தருவதாக அதற்கு முந்தைய வாரம் வாங்கிப் போயிருந்தாள். பழுப்புத் தாளில் அழகாக அட்டை போட்டு அதையும் அன்றே கொடுத்துவிட்டாள். வாங்கி ஒரு வருஷமாகியும் தர்மன் பிரித்துப் பார்க்காத புத்தகம்.

முந்நூறு சொல்லுக்கும் பக்கம் தேடினான். தேடிய பக்கம் புரிய அதற்கு முந்தைய பக்கம் தேவைப்பட்டது. மூன்று மாதத்தில் அவன் விரல் படாத பக்கம் புத்தகத்தில் இல்லை. திருட்டுத்தனத்துக்கு இவ்வளவு உழைக்க வேண்டியிருக்கும் என்று அவன் நினைத்ததே இல்லை.

அறுபத்தெட்டு மார்க். அங்கமுத்து பரிசம் போட நாள் குறித்துவிட்டார்.

நாளைக்குப் பரிசம். பட்டியலை அவளிடமே கொடுத்துக் கொளுத்தச் சொல்லலாம் என்று, அதைப் புத்தகத்துக்குள் வைத்து எடுத்துக்கொண்டு வந்தால், இன்றைக்கு ஜீப்.

திரும்பிப் போய்விடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. பிறகு விடுவிடுவென்று உள்ளே போனான்.

"சார், அந்தப் புள்ளைய விட்டுடுங்க. லிஸ்ட்டத் திருடுனது நான்தான். அதுக்கு ஒண்ணும் தெரியாது."

கையிலிருந்த புத்தகத்தையும் பட்டியலையும் மேசைமேல் வைத்துவிட்டு, ஒன்று விடாமல் ஒப்புக்கொண்டான்.

ஸ்டேஷன் டைப்ரைட்டர் ரிப்பேராகிவிட்டதால் ஒரு குற்றப்பத்திரிகையை அடித்து வாங்கிப் போக வந்திருந்த சப்-இன்ஸ்பெக்டர், குறுக்கே பேசாமல் முழுவதையும் கேட்டார்.

"எந்தக் கம்ப்யூட்டரு தம்பி? என் மச்சான் காலேஜ் வாத்தியாரு. இந்த வருஷமும் செவப்புப் பென்சிலும் கையுமா பேப்பர் கட்டோடதான் கெடந்தான்."

புத்தகத்தை எடுத்துப் புரட்டியவர் பின்னட்டை அருகே நிறுத்தினார். பழுப்பு அட்டையை ஒட்டி, கத்தரிக்கோலால் சீராக வெட்டிய ஓரங்கள் தெரிந்தன.

"கடைசித் தாளுங்களக் காணோமே?"

ஜெயலட்சுமி டைப் அடிப்பதை நிறுத்தினாள். இழுப்பறையைத் திறந்து நான்கு அச்சுத் தாள்களை எடுத்து மேசைமேல் வைத்தாள். எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று புத்தகத்தின் பின்னால் போட்டிருக்கும் சொல்லடைவு. முதல் வரி, 'அகவிலைப்படி – 131'.

"படிங்கன்னு சொன்னா படிச்சிருப்பீங்களா மாமா?" என்றாள் அவன் முகத்தைப் பார்க்காமல்.

சப்-இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"திருட்டு நடந்திருக்கு, இல்லேங்கல. ஆனா திருடு போனது உன் பொருளு தம்பி. கம்ப்ளெயிண்ட் குடுக்கணும்னா சொல்லு, இந்தப் புள்ளையவே டைப் அடிக்கச் சொல்றேன்."