ஊற்றியவனும் சொன்னவளும்

கல்லறைத் தோட்டத்து வாசலில் பங்குச் சாமியார் வழிமறித்தார். ஞானஸ்நானம் பெறாத பிள்ளைகளை அந்த ஊரில் மதிலுக்கு வெளியேதான் புதைப்பார்கள்.

"வீட்டுலயே ஞானஸ்நானம் குடுத்துட்டோம் சாமி. மூச்சு இழுத்துக்கிட்டு கெடந்துச்சு," என்றான் தொபியாஸ். சின்னப் பெட்டியை மார்போடு அணைத்திருந்தான்.

"தலையில தண்ணி ஊத்துனது யாரு?"

"நான்."

"ஜெபம் சொன்னது?"

அவன் தலை குனிந்தான். நேற்று அழுகையில் அவனுக்கு நா எழவில்லை. பெற்றுப்போட்ட பாயிலிருந்து அவன் மனைவி கித்தேரியால் எழுந்திருக்க முடியவில்லை. ஊற்றியது அவன், சொன்னது அவள். ஜெபமும் அவனே சொன்னான் என்ற ஒரு பொய் போதும் என்று மதிலைப் பிடித்து நின்ற கித்தேரிக்குத் தெரியும். பிள்ளையை வைத்துக்கொண்டு பொய் வரவில்லை.

"நான் சொன்னேன் சாமி."

"ஊத்துற ஆளேதான் சொல்லணும், தாயி. ரெண்டு பேரு சேந்து செஞ்சா செல்லாது."

கித்தேரி பெட்டியின் மேல் கையை வைத்தாள்.

"போன வருசம் எங்க கையச் சேத்து வச்சு, இனிமே நீங்க ரெண்டு பேரில்ல, ஒரே உடல்னு நீங்கதான சாமி சொன்னீங்க?"

மதிலுக்கு எந்தப் பக்கம் வெட்டுவது என்று தெரியாமல், குழிவெட்டுகிறவன் மண்வெட்டியோடு சாமியாரின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.