கடைசிக் கம்பம்

“எத்தினி கேமரா வேணா வெச்சுக்கங்க. என் வூட்டுக்கு எதிர்ல மட்டும் வாணாம்” என்றாள் எல்லம்மா.

பிளாஸ்டிக் நாற்காலிகள் கிறீச்சிட்டன. சர்ச்சுக்குப் பக்கத்துக் கூடத்தில் உட்கார்ந்திருந்த காலனிக்காரர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் மகன் செல்வகுமார் வழிப்பறி வழக்கில் ஜாமீனில் வந்து தலைமறைவானவன் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

“ஏம்மா, ராத்திரில யாருனா வந்து போறாங்களா?” என்றார் மூலைக்கடை சர்தார் பாஷா. பெண்கள் வரிசையிலும் சிரிப்பு எழுந்தது.

சப்-இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. காலனி சங்கம் மாதக் கணக்கில் மனு கொடுத்த பிறகு இன்றுதான் வந்திருந்தார்.

“ரோந்துக்கு ஆள் கம்மி. உள்ளதச் சொல்றேன்” என்றார். “அதுக்குத்தான் கேமரா. இந்தப் பக்கத்துத் தெருவுங்க எல்லாத்தையும் ஸ்டேஷன்ல ஒரு கான்ஸ்டபிள் உக்காந்து பாத்துக்கறாரு. அவருக்கு அது ஒண்ணுதான் வேலை.”

“அவரேதான் பாப்பாரா சார்? வேற யாருனா பாக்கக் கூடாதா?”

“உனுக்குப் புடிச்ச ஆளா பாத்துப் போடச் சொல்லலாமா?” என்றார் சங்கச் செயலாளர் இன்பராஜ். மறுபடியும் சிரிப்பு.

ஹெலன் எழுந்தாள். போன மாதம் அவள் மகள் எப்சி ஷூ கம்பெனி வேனிலிருந்து இறங்கி நடந்து வந்தபோது, பைக்கில் வந்த இருவர் சங்கிலியைப் பிடித்து இழுத்தார்கள். அறுபடாத சங்கிலியோடு எப்சியும் தார் ரோட்டில் தேய்ந்துகொண்டே போனாள். தாடையில் தையல் பிரித்தாகிவிட்டது. வாசற்படியை மட்டும் அவள் இன்னும் தாண்டவில்லை.

“எல்லம்மாக்கா, என் பொண்ணு கக்கூஸ் போவக்கூட என்னத் துணைக்குக் கூப்புடுது. உன் வூட்டுக்கு எதிர்ல இருக்கற கம்பத்துலதான் தெரு தோல் ஷாப்பு சந்துக்குத் திரும்புது. அவனுங்க அப்டி வந்து அப்டியே போய்ட்டானுங்க. அங்க வாணாம்னா வேற எங்க வெக்கறது?”

“எப்சிக்கு நடந்தது எனக்குத் தெரியாதா ஹெலனு? அன்னிக்கு ரத்தம் தொடச்சது யாரு? இன்னும் கொஞ்ச நாள் பொறு. அப்புறம் என் வூட்டுக்குள்ளயே வெச்சுக்க.”

“அதுக்குள்ள உன் புள்ள ஊரத் தாண்டிடுவான், இல்ல?”

எல்லம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வெளியே போனாள்.

எதிர்ப்பு வேறு இல்லை. கேமராக்களை அன்று காலையிலேயே கம்பங்களில் மாட்டியிருந்தார்கள்; ஆன் செய்வதுதான் பாக்கி. சப்-இன்ஸ்பெக்டர் போனில் ஸ்டேஷனைக் கூப்பிட்டுப் பேசினார்.

“ஆன் ஆயிடுச்சு. ஆளுங்க மூஞ்சிகூட பளிச்சுனு தெரியுதாம்.”

எல்லோரும் கைதட்டினார்கள். பையன்கள் டீ கொண்டுவந்தார்கள். ஹெலன் டீ வாங்கவில்லை. எப்சியை இழுத்தவர்களில் ஒருவன் செல்வகுமாரோ என்று இத்தனை நாளும் மனதுக்குள் வைத்திருந்தாள். இப்போது அவளுக்குச் சந்தேகமே இல்லை.

வெளிச்சம் இன்னும் இருந்தது. தெருக்கோடிவரை வேகமாக நடந்தாள். கதவைச் சாத்தப்போன எல்லம்மாவைத் தள்ளி, காலை உள்ளே வைத்தாள். திரைக்குப் பின்னால் யாரோ நகர்ந்தார்கள்.

“டேய் செல்வகுமாரு, வெளிய வா. வரலன்னா எஸ்.ஐ.ய இங்கயே இட்டாருவேன்.”

“கத்தாதடி. கால்ல வேணா வுழறேன், அவர மட்டும் கூப்புடாத.”

ஹெலன் போனை எடுத்தாள்.

திரை விலகியது. சுவரைப் பிடித்தபடி, மாவுக்கட்டுப் போட்ட காலை இழுத்துக்கொண்டு ஒரு பெண் வந்தாள். எப்சியைவிடச் சற்றே மூத்தவள். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது.

“வாணாம்க்கா, கூப்புடாதீங்க” என்று ஹெலனின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த வேகத்தில் வாசலுக்கே வந்துவிட்டாள்.

எல்லம்மா பாய்ந்து வந்து, அவளுக்கும் தெருவுக்கும் நடுவில் நின்றாள்.

ஹெலனின் குரல் இறங்கியது. “யாருக்கா இது?”

“பொன்மலர். கம்பெனில என் பக்கத்து மெஷினு. அம்மா வூட்டுக்குப் போனா அங்கயே வந்து அடிக்கறான். சொந்தக்காரங்க வூடு ஒண்ணு வுடாம தேடிட்டான். என் வூடு ஒண்ணுதான் அவனுக்குத் தெரியாது. கட்டு பிரிச்சதும் பெங்களூருக்கு அனுப்பிடலாம்னு வெச்சிருந்தேன்.”

“யாரு, புருஷனா?”

பொன்மலர் தலையசைத்தாள்.

ஹெலனுக்குத் தன் மகளின் தாடை நினைவுக்கு வந்தது. பொன்மலரின் கையை இறுகப் பற்றிக்கொண்டாள்.

“பைத்தியமே, இதுக்கா ஒளிஞ்சிட்டிருக்க? எஸ்.ஐ. கூடத்துலதான் டீ குடிச்சிட்டு இருக்காரு. தெருவே உனக்குத் துணைக்கு வரும். சொல்லு, இப்ப எங்க இருக்கான் அந்தப் பொறுக்கி?”

பொன்மலர் எல்லம்மாவின் தோளுக்கு மேலாக எதிர்க்கம்பத்தை நிமிர்ந்து பார்த்தாள். முகத்தை மறைத்துக்கொள்ளக்கூட இல்லை.

“நம்மளத்தான்க்கா பாத்துட்டிருக்காரு.”