நேயர் விருப்பத்தில் பூரணவல்லி

என் மனைவி பூரணவல்லி இறந்த பிறகும் எங்கள் ஊர் மத்திய அலை வானொலி சனிக்கிழமை தோறும் அவள் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தது. பழைய பாடலைப் போடுவதற்கு முன், விரும்பிக் கேட்டவர்களின் பெயர்களை வாசிப்பது அங்கே வழக்கம். அவள் பெயர் வரும்போதெல்லாம் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிடுவேன். தாங்க முடியாமல் ஒருநாள் நிலையத்துக்குத் தொலைபேசினேன். அறிவிப்பாளர் ஜெபராஜே எடுத்தார்.

"என் வீட்டுக்காரி பூரணவல்லி போன ஆவணியிலயே தவறிட்டா சார். பேரை எடுத்திருங்க."

"ஐயோ, அக்காவா? புதுசா யாரும் கார்டு போடுறதில்ல அண்ணாச்சி. பழைய கார்டையே திருப்பித் திருப்பி வாசிக்கேன். பேரில்லாம பாட்டு போட்டா, கேக்க ஆளில்லன்னு நிகழ்ச்சியையே நிறுத்திருவாங்க."

"மத்தவங்கல்லாம் இருக்காங்களா?"

"அதை நான் விசாரிக்கல அண்ணாச்சி."

தொலைபேசியை வைத்துவிட்டேன். அடுத்த சனிக்கிழமை அவர் வாசிக்கத் தொடங்கியதும், அவள் பெயர் வருவதற்குள் அணைத்துவிட எழுந்தேன். நானும் அணைத்துவிட்டால் இந்த மனிதர் யாருக்கு வாசிப்பார் என்று தோன்றியது. கை குமிழின் மேலேயே நின்றது. அவர் அவசரமில்லாமல், ஒவ்வொரு பெயராக வாசித்துக்கொண்டே வந்தார்.