கார்க்காரரின் இடது கை

"இன்சூரன்ஸ் தனி சார். போட்டுட்டீங்கன்னா எங்க இடிச்சாலும் உங்ககிட்ட ஒண்ணும் கேக்க மாட்டோம்" என்றார், நாமே ஓட்டிப்போக வாடகைக்குக் கார் விடும் கார்க்காரர். தலையில் கட்டப் பார்க்கிறார் என்று பரஞ்ஜோதிக்குப் பட்டது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு, யாரோ போட்ட கீறலுக்கு நாம் தண்டம் அழக் கூடாதே என்று, கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு அந்த வெள்ளைக் காரைச் சுற்றிச் சுற்றிக் கைப்பேசியில் படம்பிடித்தார். கார்க்காரர் எதையும் மறைக்கவில்லை. பம்பரில் கீறல், பின்னால் நசுங்கல் என்று நின்ற இடத்திலிருந்தே வலது கையை நீட்டிக் காட்டினார். இடது கை மட்டும் முன்பக்க இடது கதவை விட்டு அசையவில்லை. அதற்குள் மகள் நறுமுகை அந்தக் கதவை ஒட்டிய முன் சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்தாள்.

"அந்தக் கையைக் கொஞ்சம் எடுங்க."

எடுத்தார். ஒரு கீறல்கூட இல்லை. அந்த இடம் மட்டும் புது வெள்ளையாகப் பளபளத்தது.

"இங்க மட்டும் ஏன் புது பெயின்ட்?"

"எடுத்துட்டுப் போறவங்க எல்லாரும் அங்கதான் சார் இடிக்கிறாங்க."

"எந்த ரோட்டுல?"

"ரோடு ஒவ்வொருத்தருக்கும் வேற. கார்ல இடம் மட்டும் இதேதான்."

புளுகுவதற்கும் ஓர் அளவில்லையா? ஆனாலும் பரஞ்ஜோதியின் குரல் இறங்கியது.

"சரி, இன்சூரன்ஸ் போட்டா?"

"போட்டா பணம் கேக்க மாட்டோம் சார். அவ்வளவுதான்."

"அப்பா, கிளம்பலாமா?" என்றாள் நறுமுகை, பெல்ட்டை மாட்டியபடி.

கார்க்காரர் இடது கையை மறுபடியும் அதே இடத்தில் வைத்துக்கொண்டார்.