நையாத போர்வை

பவுலினாவின் உடலுக்குள் மகமூதாவின் கல்லீரல் செல்கள் வாழ்ந்தன. அந்நியம் என்று உடல் அவற்றை விரட்டிவிடாதபடி, ஒவ்வொரு செல்லின் மேலும் டி.என்.ஏ. இழைகளால் ஒரு போர்வை நெய்திருந்தார்கள். அது மூன்று மாதத்தில் நைந்துவிடும். மறுபடி நெய்ய மகமூதாவின் இரத்தம் கொஞ்சம் வேண்டும்.

அதற்காக ஆறு ஆண்டுகளாக மகமூதா காயல்பட்டினத்திலிருந்து பஸ் ஏறித் தூத்துக்குடி மருத்துவமனைக்கு வந்துகொண்டிருந்தாள். இரத்தம் கொடுத்த பிறகு அவளும் அங்கே வரும் பவுலினாவும் சாயங்காலம் வரை பேசிக்கொண்டிருப்பார்கள். தனியாக வாழும் மகமூதாவுக்கு வேறு பேச்சுத்துணை கிடையாது.

அன்று நர்ஸ் ஊசியை எடுக்கவே இல்லை.

"அவங்களுக்கு ஆயுசுக்கும் நையாத போர்வை போட்டாச்சும்மா. இனி நீங்க அலைய வேண்டாம்."

மகமூதா பவுலினாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஒரு வார்த்தை சொல்லலியே பவுலி. நான் வேண்டாதவளாப் போயிட்டேனா?"

"ஐயோ, இல்லக்கா! ஒங்க கை கன்னிப்போய்க் கெடக்கத பாத்துப் பாத்து ஒவ்வொரு தடவையும் மாதா கோயில்ல அழுதேன். சொன்னா வேண்டாம்பீங்கன்னுதான் மறைச்சேன்."

"கை என் கை. அழுவதுக்கு நீ யாரு?"

சொல்லிவிட்டு மகமூதாவே அழுதாள். நல்லது செய்யும்போதும் கேட்டுச் செய்ய வேண்டும் என்பது பவுலினாவுக்கு அப்போதுதான் உறைத்தது. இறைவன் அவளுக்கு ஒரு வழி காட்டினான்.

"அடுத்த தடவை நான் ஒங்க ஊருக்கு வாரேன்க்கா. எந்த பஸ்ஸு?"

மகமூதா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"காலைல மொத பஸ்ஸு. வெறும் வயித்தோட வரணும், ஆமா. மூணு வேளையும் எங்க வீட்டுலதான்."