முன்வரிசை

அந்த வடசென்னைப் பெண்கள் கால்பந்து அணி தொடர்ந்து தோற்றுக்கொண்டிருந்தது. முன்வரிசையை எப்படி மாற்றுவது என்று சலூனில் ரசிகர்கள் கத்திக்கொண்டிருக்க, முகத்தில் சோப்பு நுரையோடு உட்கார்ந்திருந்தான் எபினேசர். முன்வரிசையில் ஆடும் மெர்லின் அவன் மனைவி என்பது அங்கே யாருக்கும் தெரியாது.

சந்தா கட்டிய ரசிகர்களின் போனில், ஆட்டக்காரிகள் கையில் கட்டியிருக்கும் பட்டை அளக்கும் நாடித்துடிப்பும் தூக்கமும் உடற்சூடும் தினமும் வந்துவிடும். ஆடுகிறவர்களுக்கு மட்டும் காட்ட மாட்டார்கள்; பார்த்தால் ஆட்டம் கெட்டுவிடுமாம். எபினேசரும் பார்ப்பதில்லை என்று மெர்லினுக்கு வாக்குக் கொடுத்திருந்தான்.

"முதல்ல மெர்லினைத் தூக்குங்கப்பா," என்றான் போனை நோண்டிக்கொண்டிருந்த ஓர் இளைஞன். "ரெண்டு வாரமா சூடு இறங்கவே இல்ல. தூங்குறப்பகூட நாடி வேகமா அடிக்குது. எங்க அக்காவுக்கும் இப்படித்தான் இருந்துச்சு. மெர்லின் முழுகாம இருக்குது."

"அப்ப இந்த சீசன் போச்சா?" என்று ஒருவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

எபினேசர் நுரையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தான். கல்யாணமான நாளிலிருந்து இருவரும் காத்திருந்த செய்தி. அதை இப்படியா கேட்க வேண்டும்?

போன் அடித்தது. மைதானத்திலிருந்து மெர்லின்.

"ஏங்க, கோச் என்னை உக்கார வெச்சிட்டாரு. ஏன்னு கேட்டா யாரும் வாயே திறக்கல. வாசல்கிட்ட நிக்கிற பசங்க என்னைப் பாத்து கங்கிராட்ஸ்னு கத்துறாங்க. எதுக்குங்க?"

"அங்கயே இரு, வந்துட்டேன். யார்கிட்டயும் பேசாத."

தான் போய்ச் சேர்வதற்குள் வேறு யாரும் சொல்லிவிடக் கூடாதே என்ற பதைப்போடு அவன் வண்டியைக் கிளப்பினான்.