உள்கன்னம்

முசிறியிலிருந்து வந்து சேர்ந்து ஒரு வாரமாகியும் பஸீலாவோடு வகுப்பில் ஒருத்திகூடப் பேசுவதில்லை. இன்று, புத்தூர் பள்ளிக்கூடத்தின் பிளஸ் ஒன் உயிரியல் லேபில், கடைசி மைக்ராஸ்கோப்பின் முன் அவள் தனியாகக் குனிந்து நிற்கிறாள். பல்குச்சியால் உள்கன்னத்தைச் சுரண்டி, ஸ்லைடில் தேய்த்து, நீலச் சாயம் விட்டாயிற்று. அடிக்கண்ணாடியை ஜன்னல் வெளிச்சத்துக்குச் சாய்க்கிறாள். திருகைத் திருப்பத் திருப்ப மங்கல் விலகி, பளிச்சென்று எழும்புகிறது ஒரு செல்! சுற்றிலும் மெல்லிய சவ்வு, நடுவில் கருநீலப் பொட்டாய் உட்கரு. "யாருக்கு நல்லா தெரியுதோ கையத் தூக்குங்க, மத்தவங்க போய்ப் பார்க்கட்டும்" என்கிறார் மகாலட்சுமி மிஸ். இப்போதாவது நாலு பேர் பக்கத்தில் வருவார்களே! பஸீலாவின் கை உயர்கிறது. மிஸ் வந்து குனிந்து பார்த்துவிட்டு, "அடடா! எல்லாரும் வாங்க" என்கிறார். வகுப்பே வரிசை கட்டுகிறது. கொலுசுகள் சிணுங்குகின்றன, மல்லிகை மணக்கிறது. "உத்தரவு போடுறது உட்கரு. சக்தி குடுக்கிற மைட்டோகாண்ட்ரியா இந்த லென்ஸுக்குத் தெரியாது. அதுக்காக இல்லைன்னு எழுதி வச்சிடாதீங்க!" என்கிறார் மிஸ். லேபே சிரிக்கிறது. ஒவ்வொருத்தியாக ஒரு கண்ணை மூடிப் பார்க்கிறாள், "செம!" என்கிறாள், நகர்கிறாள். மைக்ராஸ்கோப்பை ஒட்டினாற்போல், பேசத் தயாரான முகத்தோடு நிற்கிறாள் பஸீலா. கடைசிப் பெண் நிமிர்ந்து, தோழியிடம் திரும்பிக் கேட்கிறாள். "சூப்பரா இருக்குடி, யாரோட கன்னம் இது?" "யாரோடதோ. சீக்கிரம் வாடி, பெல் அடிச்சிரும்." சிரிப்பதற்கென்று விரிந்த உதடுகளை பஸீலா மெல்ல மூடிக்கொள்கிறாள்.